கால் வலிக்கு ரீல்ஸ் தடவுற பேத்திக்கு

ஏத்தா, ஜவுளிக்கடையில பகல் பூரா நின்னுட்டு வந்து, வீங்குன கால நீட்டுனதும் செல்லத்தான் எடுக்குற. அதுல ஒருத்தி, பச்சையா என்னத்தையோ குடிச்சுக்கிட்டு, "ஒன் சந்தோஷம் ஒன் கையில, ஒன்னைய நீயே நேசி"ங்கிறா. வலி கால்ல, வைத்தியம் மனசுக்கு. கெட்டிக்காரிதான்!

அப்பத்தா எழுத்துக்கூட்டிப் பேப்பர் படிக்கிறவ, எனக்கென்ன தெரியும்? கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவுல ஒன்னைய மாதிரி கடையில நின்ன பொம்பளைகள, விஜின்னு ஒரு தையக்காரி 'பெண்கூட்டு'ன்னு சேத்தாளாம். மொதல்ல கக்கூசு கேட்டாளுக. அப்பறம் ஒக்கார எடம் கேட்டாளுக. 2018ல கேரளாவுல சட்டத்தையே திருத்துனாக. 2021ல நம்ம சட்டசபையும் கடையில வேல பாக்குறவுகளுக்கு இருக்கை போடணும்னு திருத்துச்சு. "மூச்ச இழு, மெதுவா விடு"ன்னு அந்தக் கோழிக்கோட்டுப் பொம்பளைகளுக்கு யாராச்சும் சொல்லிக் குடுத்திருந்தா, இன்னும் மூச்சு விட்டுக்கிட்டே நின்னுருப்பாளுக.

அதே 2021ல அமெரிக்காவுல ஃபிரான்சஸ் ஹாகன்னு ஒருத்தி, தான் வேல பாத்த ஃபேஸ்புக் கம்பெனியோட உள்வீட்டுக் காயிதத்த வெளிய போட்டா. அதே கம்பெனியோட இன்ஸ்டாகிராமால சின்னப் பொண்ணுக சிலருக்கு ஒடம்பு மேல மனக்கொற கூடுதுன்னு அவுக ஆராய்ச்சியே சொல்லுச்சாம். பாம்ப விட்டவனே மகுடியும் விக்கிறான் தாயி. மொதல்ல நீ கருப்பு, குண்டுன்னு காட்டுவான். ஒரு தள்ளு தள்ளுனா "நீ அழகுதான்"பான். இன்னொரு தள்ளுக்கு கிரீம் வந்து நிக்கும்.

"கூட்டுக்குடும்பமா இருந்தப்ப..."ன்னு ஒங்க தாத்தா இப்பத் தொண்டையக் கனைப்பாரு. நம்பிராத. அந்தக் கூட்டத்துல ஆம்பளைக தின்ன மிச்சந்தான் எனக்கு. ஒனக்குன்னு சம்பளம், ஒனக்குன்னு பூட்டு சாவி, எதையும் விட்டுக் குடுக்காத. மனசு ரொம்ப நொந்தா டாக்டர்கிட்டப் போ, அதுல வெக்கமில்ல. ஆனா மொதலாளியக் கேக்க வேண்டிய கேள்வியக் கண்ணாடியப் பாத்துக் கேக்காத.

எங்க மகளிர் குழுவுல தவணை கட்டத்தான் கூடுவோம். கட்டுனதும் எந்திரிப்போமா? பொறணி பேசுவோம். அதுக்கு நடுவுல ஒருத்தி, புருசன் அடிச்சத மெல்லச் சொல்லுவா. "எனக்குந்தான்டி"ம்பா அடுத்தவ. மூணாவதா ஒருத்தி முந்தானைய எடுத்து மூக்கச் சிந்துவா. தலையெழுத்துன்னு தனித்தனியா நெனச்சது ஊரு வழக்கம்னு அங்கதான் வெளங்கும். வழக்கம்னு தெரிஞ்சாத்தான் மாத்தலாம். தலையெழுத்துன்னா ரீல்ஸ்தான் பாக்கலாம்.

ஒன்கூட நிக்கிற புள்ள பேரென்னன்னு கேட்டேன், தெரியாதுங்கிற. நாளைக்கு அவகிட்ட, "ஒனக்கும் கால் வலிக்குதா?"ன்னு கேளு. ரெண்டு பேராப் போயி மேனேஜர்கிட்ட ஸ்டூல் கேளுங்க. மொறைப்பாரு. மறுநா நாலு பேராப் போங்க. அப்பவும் மொறைச்சா எட்டுப் பேரு. சட்டம் தெரியாத மொதலாளிக்கும் கூட்டல் கணக்கு நல்லாவே தெரியும்.