ஜன்னலோர இருக்கை யாருக்கு?

கே: அப்பாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஊட்டி மலை ரயிலில் போகிறோம். போனை அணைத்துவிட்டால் அப்படி என்ன கிடைத்துவிடும்? (திண்டுக்கல்)

ப: முழுதாக ஒரு காலைப்பொழுது கிடைக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர்தான். ஆனால் காலையில் ஏறினால் போய்ச் சேர நண்பகலாகிவிடும். கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் வரும். எஞ்சினின் பல்சக்கரம் அவற்றைக் கவ்விக் கவ்விக் குன்னூர் வரை ஏறும். அந்த அதிர்வு உள்ளங்காலில் தெரியும். ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கும்போது இறங்கி, காட்டின் வாசனையை நெஞ்சு நிறைய இழுத்துக்கொள்ளுங்கள். இதில் எதுவும் திரைக்குள் வராது. எல்லாவற்றையும்விட, எதிரே உங்கள் அப்பா உட்கார்ந்திருப்பார். அவர் பழைய கதை பேசத் தொடங்கக் கொஞ்ச நேரமாகும். உங்கள் கையில் போனைப் பார்த்தால் தொடங்கவே மாட்டார்.

கே: படம் எடுக்காவிட்டால் எல்லாம் மறந்துபோகாதா? (கும்பகோணம்)

ப: எடுப்பதாலும் மறக்கும். அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கெல் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இது. அருங்காட்சியகத்தில் சில பொருட்களைப் படமெடுக்கவும், சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார். மறுநாள் கேட்டால், படமெடுத்தவைதான் குறைவாக நினைவில் இருந்தன. ‘கேமரா வைத்துக்கொள்ளும்’ என்று மனம் பொறுப்பை இறக்கிவைத்துவிடுகிறது. ஆனால், ஒரு பொருளின் சிறு பகுதியை ‘ஜூம்’ செய்து எடுத்தபோது நினைவு மங்கவில்லை. உற்றுப் பார்த்து எடுத்ததற்குப் பலன் அது. நீங்களும் நிதானமாக ஒரே ஒரு படம் எடுங்கள். நாற்பது வேண்டாம்.

கே: ஊரில் அம்மா தனியாக இருக்கிறார். எப்படி அணைப்பது? (விருதுநகர்)

ப: அணைக்காதீர்கள். இணையத்தை மட்டும் நிறுத்துங்கள். அம்மாவின் அழைப்பு வந்துசேரும். “ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடறேம்மா” என்று சொல்லிவிட்டுப் போய், எட்டுக்குச் சரியாகக் கூப்பிடுங்கள். பகலெல்லாம் அனுப்பும் பத்துப் படங்களைவிட அந்தக் குரல் அவருக்குப் பெரிது.

கே: முதல் நாளே கை பரபரக்கிறதே? (சேலம்)

ப: பரபரக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டாம் நாள் இரவு ஒன்பதரைக்கே தூக்கம் வந்தது.

கே: போன் கொடுக்காவிட்டால் பிள்ளைகள் அழுவார்களே? (ஈரோடு)

ப: ஜன்னலோர இருக்கையை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். மலை ரயில் என்றால், வழியில் எத்தனை குகை என்று எண்ணச் சொல்லுங்கள். மொத்தம் 16, முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். முதல் குகை இருட்டியதுமே பெட்டி முழுக்க “ஓ”வென்று கத்துவார்கள். நீங்களும் சேர்ந்து கத்துங்கள்.