கியரு தானா உழுகுமாமா சாமி?

வா கண்ணு, வா. திண்ணையில உக்காரு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, நேத்து ராத்திரி பூராத் தூங்காம போனையே பாத்துட்டு இருந்திருக்கறே. ஆத்தா மோர் கொண்டாருவா, குடிச்சுப்போட்டு மறுக்கா ஒருக்காச் சொல்லு. பழைய ஜீப்போட கியர் பாக்ஸைக் கழட்டி வீசிப்போட்டு ஆட்டோமேட்டிக் மாட்டப்போறே. அதுலயும் ஓவர்டிரைவ் வச்சது. அப்பாருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாம்னு வந்திருக்கறே. நல்ல புள்ள. பணங் கேக்க வந்தீன்னு ஒரு நிமிசம் பயந்தே போயிட்டேன்.

தாராளமாச் செய் சாமி. நான் எதுக்குக் குறுக்க உழுகறேன்?

அந்த வண்டி மகேந்திராக்காரங்க வில்லீஸ் கம்பெனி லைசென்ஸ்ல செஞ்ச சி.ஜே. 3பி. பின்னால வெட்டிப் பொட்டி கட்டுனதால நீ பிக்கப்புங்கறே, நாலு வாழைத்தார் வச்சா அஞ்சாவது மடியில வச்சுட்டுத்தான் வரோணும். இருக்கட்டும். அதும்பட பானெட்டு ஏன் அத்தனை ஒசரம்னு யோசிச்சயா? ஹரிக்கேன் இஞ்சின்ல ஒரு வால்வை மேல கொண்டுபோயி வச்சாங்க, இஞ்சின் நெட்டையாப் போச்சு. பழைய பானெட்டு மூடல. 1953-ல பானெட்டையே தூக்கி வச்சு, அதுக்கு 3பின்னு பேரும் வச்சுட்டாங்க. இஞ்சினைக் கொஞ்சம் ஒசத்துனதுக்கு, செஞ்ச கம்பெனிக்காரனே வண்டி மூஞ்சிய மாத்த வேண்டியதாப் போச்சு. நீ கியர் பாக்ஸை மட்டும் மாத்தறேங்கறே. செய், செய்.

இடது காலு நோவுதுன்னு சொன்னேயல்ல, அது ஞாயம். உன்ற அப்பன் இதே வண்டியில ஆழியாத்துல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவையும் ஏறி எறங்குனான். அப்பெல்லாம் இடது காலு வேற தினுசா இருந்துருக்கும்.

உன்ற கணக்கைப் பாத்தேன், தப்புச் சொல்ல முடியாது. இந்த ஜீப்புக்கு மூணு கியரு, டாப்பு நேர் கியரு, ஆக்ஸில்ல 5.38. அப்படின்னா இஞ்சின் அஞ்சு சுத்துக்கு மேல சுத்துனாத்தான் சக்கரம் ஒரு சுத்து. 80-ல போனா இஞ்சின் நிமிசத்துக்குச் சுமார் 3,250 சுத்துச் சுத்திக் கத்தும். ஓவர்டிரைவ்ல இஞ்சின் ஏழு சுத்துக்குப் பின்தண்டு பத்துச் சுத்து. அதே 80-க்கு இஞ்சின் 2,300 சுத்துனாப் போதும். சத்தமில்ல, தேய்மானமில்ல, பெட்ரோல் மிச்சம்.

ஏழு வாங்கிக்கிட்டுப் பத்துக் குடுக்கற ஆளு நம்மூர்ல ஆராச்சும் இருக்கறாங்களா கண்ணு? சுத்து கூடுனா இழுவை கொறையும். அமெரிக்காக்காரன் இந்த வேலையச் செய்யறான்னா அவனுது 5,700 சிசி வி8 வச்ச பிக்கப்பு. 1982-ல ஜெனரல் மோட்டார்ஸ் 700ஆர்4-ங்கற நாலு ஸ்பீடு ஓவர்டிரைவ் பொட்டியக் கொண்டாந்துது, பழைய மூணு ஸ்பீடைக் கழட்டிப்போட்டு அதை மாட்டறான். அவன் ஊட்டுல இழுவைக்குப் பஞ்சமில்ல, தானம் பண்றான். நம்முளுது 2,200 சிசி, குதிரை எழுவது சில்லறை. எதுத்தாப்புல காத்தடிச்சா அதுவா டாப்புக்கு எறங்கிக்கும், மறுக்கா ஏறும், மறுக்கா எறங்கும். கல்யாண ஊட்டுல பந்திக்குப் போலாமா வேண்டாமான்னு நிக்கற ஒறம்பரையாட்ட.

அதுஞ்செரி, 80-ல எங்க போவே? நீலாம்பூர்ல இருந்து மதுக்கரை வரைக்கும் எல் அண்ட் டி பைபாஸ் 28 கிலோமீட்டர் இருக்குது. அதுல முன்னால லாரி, பின்னால லாரி. நம்ம தோட்டத்து இட்டேரியில இருவதுக்கு மேல போனா கிலுவை வேலி மயிலு நின்னு வேடிக்கை பாக்கும்.

சரி, மாட்டறதுக்கு வருவோம். எனக்கு நெம்பப் புடிச்ச எடம் இதுதான்.

நாலு வீலுக்கும் இழுவையப் பிரிச்சுக் குடுக்கற ஸ்பைசர் 18 டிரான்ஸ்பர் கேஸ் இருக்குதல்லோ, அதும்பட கியரு உன்ற டி-90 கியர் பாக்ஸோட வால் தண்டுலயே உக்காந்திருக்குது. ரெண்டும் ஒரே தண்டுல குடித்தனம். ஒண்ணைக் கழட்டுனா இன்னொண்ணு அந்தரத்துல நிக்கும். புதுப் பொட்டியோட வால் தண்டு வேற அளவு, வேற பல்லு. அடாப்டர் கடையோணும், இல்லாட்டி டிரான்ஸ்பர் கேஸையும் மாத்தோணும். ஸ்பைசர் பின்தண்டை வலது பக்கமா ஒதுக்கி உடும், அதுக்குத் தக்கன ஆக்ஸில்லயும் உருண்டை வலது பக்கம். புதுசு நடுவுல உட்டா? பின் ஆக்ஸிலை மாத்து. அதுக்குப் பழைய பிரேக்கு ஒத்து வராது. மூக்குத்தி வாங்கப் போயி மூக்கையே மாத்துன கதை.

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல மொத்தமே 80 அங்குலம். ஆட்டோமேட்டிக் பொட்டி நீளம். அது நீள நீளப் பின்னால புரொப்பெல்லர் ஷாப்ட் குட்டையாகி, குத்துச் சாய்வா நிக்கும். மாசத்துக்கு ஒரு கிராஸ் மாத்துவே. கடைக்காரர் உனக்குப் பொங்கலுக்கு வேட்டி எடுத்துக் குடுப்பாரு.

கோயமுத்தூர்ல கடைய முடியாத சாமானமா? கணபதி, சிங்காநல்லூர், குறிச்சி சிட்கோ, எங்க போனாலும் லேத்து. "நாளைக்கு வாங்க"ம்பாங்க. எந்த நாளைக்குன்னு மட்டும் கேக்காதே, கோவிச்சுக்குவாங்க. இஞ்சினுக்கும் பொட்டிக்கும் நடுவுல வர்ற பிளேட்டு தலைமயிர் தடிமன் மையம் தப்புனாலும் முன்னால ஆயில் சீலு ஒழுகும். அப்பறம் அந்தக் கன்வெர்ட்டர். எண்ணெய்க்குள்ள ஒரு காத்தாடி சுத்தி இன்னொரு காத்தாடியத் தள்ளற சமாச்சாரம், 1905-ல போட்டிங்கர்னு ஒரு ஜெர்மன்காரர் கப்பலுக்குன்னு கண்டுபுடிச்சது. அதைத் திருகித் திருகி உள்ள தள்ளி, 'டக், டக்'குனு அடிமட்டம் வரைக்கும் உக்கார வைக்கோணும். உக்காராததை போல்ட்டு முறுக்கி இழுத்துக்கலாம்னு நெனச்சீன்னா ஆயில் பம்பு உள்ளயே ஒடைஞ்சு போகும். வெளிய ஒரு கீறல் தெரியாது. ஸ்டார்ட் பண்ணிக் கியரு போட்டா வண்டி நகராது. பூசணிக்காய் ஒடைச்சு, எலுமிச்சம்பழம் வச்சு, ஊரே சுத்தி நிக்கும், வண்டி மட்டும் போகாது. அன்னைக்கு மறக்காம எனக்கு ஆள் உடு சாமி.

உக்கடத்துல டொயோட்டா ஏ340 ஒண்ணு பாத்து வச்சிருக்கறேன்னயே. பொட்டி நல்ல பொட்டி. ஆனா அதுல பின்னால 'ஈ'ன்னு எழுத்து இருந்தா, கியரு மாத்தறது கம்ப்யூட்டரு. ஆக்சிலேட்டர் எத்தனை மிதிச்சிருக்கறே, வண்டி என்ன வேகம்னு அதுக்கு ஒயர்ல சேதி போகோணும். உன்ற வண்டிக்கு ஹாரனுக்கே ஒயரு சரியில்ல. சோக் இழுத்து ஸ்டார்ட் பண்ற கார்புரேட்டர் வண்டிக்குக் கம்ப்யூட்டர் வச்ச மகராசன்னு ஊருக்குள்ள பேரு கெடைக்கும், அது எத்தனை ரூவா குடுத்தாலும் கெடைக்காது. 700ஆர்4-க்கு அந்தத் தொந்தரவில்ல, ஒரு கேபிள்தான். அந்தக் கேபிளு சித்த தளர்ந்திருந்தாலும் உள்ள அழுத்தம் கொறைஞ்சு கிளச்சு பூராக் கருகிப்போகும்.

மலையேறயில கன்வெர்ட்டர் வழுக்க வழுக்க எண்ணெய் கொதிக்கும், தனியாக் கூலர் வை. எறங்கயில ஓவர்டிரைவை அமத்திக் கீழ் கியருக்கு இழுத்து வச்சுக்கோ. மறந்துட்டு டிரம் பிரேக்கை நம்பி எறங்குனீன்னா ஆழியாறு அணைக்கு நேர் வழி ஒண்ணு கெடைக்கும். பேட்டரி படுத்தாத் தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் ஆகாது, வால்பாறையில ராத்தங்கிக்கலாம், குளுகுளுன்னு இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, 2019-ல சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு, கம்பெனி செஞ்சதுக்கு மாறா மாத்தக்கூடாதுன்னு எல்லாம் ஆராச்சும் சொல்லுவாங்க. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல போயி நீயே கேட்டுக்கோ. எனக்கு அங்கெல்லாம் படியேற முடியாது, முட்டி வலி.

ஜி.டி. நாயுடு மட்டும் இப்படிப் பயந்திருந்தா 1920-ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் ஓடியிருக்குமாங்கறயா? வாஸ்தவம். கெடைச்ச மோட்டார் சைக்கிளப் பிரிச்சுப் பாத்த மனுசன்தான் அவரு. ஆனா மறுக்கா மாட்டவும் செஞ்சாரு சாமி. நீ பிரிச்ச மிக்ஸி இன்னும் அட்டாலியில கெடக்குது.

நானா இருந்தா ஒரு காரியஞ் செய்வேன். அந்த ஸ்பைசருக்குப் பின்னால ஒரு மூடி இருக்குது, அந்தக் காலத்துல பி.டி.ஓ. மாட்டி ரம்பம் ஓட்டறதுக்கு உட்ட ஓட்டை. அமெரிக்காவுல வார்ன் கம்பெனி அந்த ஓட்டையில மாட்டற மாதிரியே ஓவர்டிரைவ் ஒண்ணு செஞ்சுது, இஞ்சின் சுத்து கால்வாசி கொறையும், கியர் பாக்ஸைத் தொட வேண்டாம். ஆனா அதுல கிளச்சு மிதிக்கோணும். உனக்கு ஆகாது, உடு.

சரி, எந்திரி, பொழுது ஏறுது. ஒண்ணே ஒண்ணு. கழட்டற டி-90-யையும் ஸ்பைசரையும் எங்க போடப்போறே? காயலான் கடைக்கா? கிலோ கணக்குல என்னத்தத் தருவான்! பேசாம நம்ம தொண்டுபட்டிக்குக் கொண்டாந்து போடு. நான் கிரீஸ் தடவி, சாக்குப் போட்டு மூடி, கோழி ஏறாமப் பாத்துக்கறேன். ஒரு ஆறு மாசம் கழிச்சு நீயே வருவே. அப்ப வெலை பேசிக்கலாம். பேரன்னு பாத்து நான் ஒண்ணும் கொறைக்க மாட்டேன், இப்பவே சொல்லிப்போட்டேன்.