பதிவேற்றப் புணரியல்: முட்டுக்காட்டை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

எக்செல் தாளில் கிடக்கும் ஆயிரம் வேலைகளை அள்ளி, ஜிரா போன்ற பணி மேலாண்மைச் செயலிக்குள் ஒரே மூச்சில் கொட்டுவதற்குப் பெயர் பல்க் இம்போர்ட். கொட்டியது கொட்டியபடி போய்ச் சேராமைக்கு இதுவரை பெயர் இல்லை. வசவுகள் மட்டுமே உண்டு. அக்குறையைக் களைய எழுந்தது இச்சிற்றாராய்ச்சி. இரண்டு ஒன்றுசேரும்போது என்ன நேரும் என்பதைப் பவணந்தி முனிவர் நன்னூலில் என்றோ வகுத்துவிட்டார். மாறாமல் சேர்ந்தால் இயல்பு, மாறினால் விகாரம். விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று. அனுப்பும் பைலை நிலைமொழி என்றும் வாங்கும் செயலியை வருமொழி என்றும் கொண்டால் இத்துறைக்குத் தனி இலக்கணம் வேண்டியதில்லை. இயல்புப் புணர்ச்சிக்கு மட்டும் எடுத்துக்காட்டு இன்னும் தேடப்பட்டு வருகிறது. இந்நூல் நிறுவ விழையும் கொள்கை ஒன்றே: இம்போர்ட் தோற்பது நோயன்று. முடிவில் பச்சை எழுத்தில் ‘வெற்றி’ என்று வருகிறதே, அதுதான் நோய்.

ஆய்வுக்கு மாதிரியாக, சென்னைக்குத் தெற்கே கழி கடலைத் தொடும் முட்டுக்காட்டை எடுத்துக்கொள்வோம். மூன்று விகாரங்களையும் ஒரே ஊர் தாங்கி நிற்பது அரிது. முட்டு என்பதோடு காடு சேரும்போது நடுவே ஒரு ‘க்’ முளைக்கிறது. வன்றொடர்க் குற்றியலுகரத்தின் முன் வல்லினம் மிகும் என்பது விதி. ஆகவே இவ்வூர் பிறக்கும்போதே தோன்றல் விகாரத்தோடு பிறந்தது. ஆங்கிலத்தில் எழுதினால் அந்த ‘க்’ காணாமல் போகிறது, இது கெடுதல். திரிதலோ மாவட்டத்தில் நிகழ்ந்தது. 1997 வரை செங்கல்பட்டு மாவட்டம், பிறகு காஞ்சிபுரம் மாவட்டம், 2019 நவம்பர் 29 முதல் மறுபடியும் செங்கல்பட்டு மாவட்டம். கழியும் கடலும் இருந்த இடத்திலேயே இருக்க, மாவட்டக் கட்டம் மட்டும் போய்த் திரும்பிவிட்டது. 2018இல் தயாரித்த பட்டியலை இன்றைய செயலியில் ஏற்றினால் காஞ்சிபுரம் என்பதைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும். அப்படியொரு மாவட்டம் இன்றும் இருக்கிறதே. பெயர் ஒழிந்துபோயிருந்தால் பிழை அன்றைக்கே பிடிபட்டிருக்கும். பெயர் உயிரோடிருந்து பொருள் மட்டும் நகர்ந்துவிட்டால் பிடிப்பது யார்?

திரிதலில் தலையாயது தேதி. 03/04 என்பது தமிழ்நாட்டில் ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. நாள் 12ஐத் தாண்டிவிட்டால் செயலி ‘பதின்மூன்றாம் மாதமா?’ என்று மறுத்துவிடும். தாண்டாதவரை மறுக்காது. கணக்கிட்டுப் பார்த்தால் ஆண்டின் 365 நாளில் 221 நாட்கள் நேர்மையாகத் தோற்கும். ஜனவரி 1, பிப்ரவரி 2 போன்ற 12 நாட்கள் புரட்டினாலும் மாறா. மிச்சமுள்ள 132 நாட்கள் வாய் திறக்காமல் வேறு நாளாகிவிடும். ஜாவா மொழியின் தேதி வடிவத்தில் பெரிய ‘எம்’ மாதத்தையும் சின்ன ‘எம்’ நிமிடத்தையும் குறிக்கும். ஓரெழுத்தின் உயரம் குறைந்த குற்றத்துக்காக ஆண்டு முழுவதற்குமான வேலைகள் ஜனவரியில் வந்து குவியும். இதற்கு மாறாக, யூனிகோட் தமிழைப் பழைய விண்டோஸ் குறியாக்கத்தில் திறந்தால், தலையில் சாய்கோடு போட்ட ‘ஏ’வும் வட்டத்துக்குள் அடைபட்ட ‘ஆர்’உமாகத் திரை நிறையும். எல்லோரும் அலறுவார்கள். அலற வைப்பதால் அது நற்பிழை. மெய்யான திரிதலில் ஒரு பொருளுக்கு இரு தலைப்பு இருக்கும், இரண்டும் பொருந்துவதுபோலவே தோன்றும். தெற்கே மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தில் ஒற்றைக் காலில் நிற்கும் தவசியை அர்ச்சுனன் என்பார் ஒருசாரார், பகீரதன் என்பார் மற்றொருசாரார். நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதியும் அந்தக் கட்டத்துக்கு இன்னும் ஒரே மதிப்பு கிடைக்கவில்லை. அதே பாறையில் தவம் செய்யும் பூனையைப் பற்றிக் கருத்து வேறுபாடு இல்லை. பூனைக்குத் துறைத்தலைவர் கிடையாது.

கெடுதல் என்பது உள்ளது போதல். சென்னைத் தொலைபேசிக் குறியீடான 044 எக்செலைத் தொட்டதும் 44 ஆகிவிடும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணின் கடைசி இலக்கங்கள் பூச்சியமாகும். 2020இல் இங்கிலாந்தில் 15,841 கொரோனாத் தொற்றாளர்களின் பதிவுகள் நாட்டின் கணக்கில் சேராமல் நின்றன. பழைய எக்செல் பைல் 65,536 வரிசைக்கு மேல் கொள்ளாது என்பதே காரணம். அந்தப் பைல் ‘இடமில்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை நாள்கணக்கில் தாமதமாகியிருக்காது. தாய் வேலை வந்து சேருமுன் பிள்ளை வேலை வந்தால் அநாதையாகும். இணையம் அறுந்தால் காத்திருக்க வேண்டும். இவ்விரண்டைப் பற்றியும் மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை.

இனித் தோன்றல். இதுவே இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை. ‘முட்டுக்காடு’ என்று ஒருவர் தட்டினார்; பழக்கத்தில் ஸ்பேஸ் பாரையும் ஒரு தட்டுத் தட்டினார். மனிதக் கண்ணுக்கு அங்கே ஒன்றுமில்லை. செயலிக்கோ அது வேறோர் ஊர். பட்டியலில் முட்டுக்காடு என்று இரண்டு கிராமங்கள் அடுத்தடுத்து நிற்கும், ஒன்றில் நாற்பது வேலை, மற்றதில் மூன்று. இதை வாலிடைவெளி என்போம். இதன் இலக்கணம்: ‘காண்பார்க்கு இன்றிக் கணினிக்கு உளதாய் ஈற்றில் நிற்பது வாலிடை வெளியே.’ இந்நூற்பா பழையதன்று. இந்தப் பத்திக்காக இப்போது கட்டியது. பழையது என்று சொல்லியிருந்தால் இதற்குள் இரண்டு கருத்தரங்குகள் நடந்து முடிந்திருக்கும். வாலிடைவெளி குற்றமே என்பது கழிக்கு மேற்கே ஓ.எம்.ஆர். சாலையில் கணினி முன் அமர்ந்திருக்கும் மேலைக்கரையார் மதம். அது இயற்கையே, காற்று வீசினால் மணல் சேர்வதில்லையா என்பது ஈ.சி.ஆர். பக்கத்துக் கீழைக்கரையார் மதம். இரண்டும் கொள்ளத்தக்கன என்பார் கழிநடுவார். அன்னார் படகிலிருந்து இறங்காதவர்கள். இவர்களுடைய கொள்கை, அச்சேறாத மூன்றாம் பதிப்பின் பிழைதிருத்தப் பக்கத்தில், முன்னுரைக்கு எழுந்த மறுப்புக்கு எழுதப்பட்ட அணிந்துரையின் ஓரத்தில், தேநீர்க் கறைக்குக் கீழே காணப்படுகிறது. கறையை நீக்கிப் படிப்பதா, கறையையும் பாடமாகக் கொள்வதா என்பதில் மாணவர்களுக்குள் பிளவு.

வாலிடைவெளி ஒருவகைத்து என்று எண்ணுவது பேதைமை. டிரிம் என்னும் எக்செல் சூத்திரம் சாதாரண இடைவெளியை நறுக்கிவிடும். வலைப்பக்கத்திலிருந்து வெட்டி ஒட்டும்போது கூடவே வரும் பிரியா இடைவெளியைத் தொடாது. அகலமே இல்லாத ஒட்டுக்குறி என்று இன்னொன்றும் உண்டு. இடத்தை அடைக்காமலே இருந்து தொலைக்கும், சில குழுக்களின் உறுப்பினர்களைப் போல. தமிழுக்கோ இவை போதா. ‘கௌரி’ என்பதில் ஔகாரக் குறியை இட்டவர் ஒருவர், ஒற்றைக்கொம்புக்குப் பின் ளகரத்தை இட்டவர் மற்றொருவர். திரையில் இருவரும் ஒரே கௌரி. தேடினால் ஒருத்தி கிடைப்பாள், மற்றவள் கிடைக்கமாட்டாள். தமிழ் எண் ஒன்றும் ககரமும் உருவில் ஒன்று, குறியில் இரண்டு. ‘க்’ மிகுமா மிகாதா என்று வாழ்நாள் முழுதும் வாதிட்டவர்கள், மிகுந்தும் தெரியாத இந்தப் பொருளைப் பற்றி ஒரு வரி எழுதாமல் போனது தமிழின் தவக்குறைவே.

இனித் தடைவிடை. ‘செயலி இன்னும் புத்திசாலியாக இருந்தால் இத்தனையும் தானே சரிசெய்துகொள்ளுமே’ என்பது முதல் தடை. எக்செல் புத்திசாலியாக இருந்ததால் வந்த வினைதான் பாதி. ‘மார்ச்1’ என்ற ஜீனின் பெயரை அது மார்ச் மாதத்து முதல் தேதியாக்கிக்கொண்டே இருந்தது. 2020இல் மனித ஜீன்களுக்குப் பெயர்சூட்டும் குழு வேறு வழியின்றி ஜீனின் பெயரையே ‘மார்ச்எஃப்1’ என்று மாற்றியது. மென்பொருளைத் திருத்துவதைவிட உயிரின் பெயரைத் திருத்துவது எளிதாயிருந்தது. ‘முதல் பத்து வரிசையை ஏற்றிச் சோதித்தால் போதுமே’ என்பது இரண்டாம் தடை. போதாது. முதல் பத்து வரிசையை எல்லோரும் பார்த்துப் பார்த்துத் தட்டியிருப்பார்கள். சோதிக்க வேண்டியது மிக மோசமான பத்தை: காற்புள்ளி உள்ள தலைப்பு, காலியான தேதி, கட்டத்துக்குள்ளேயே அடிமாறும் விளக்கம், இனிஷியல் மட்டும் உள்ள பெயர். ‘பிழை வரும்போதே சரிசெய்துகொண்டு போகலாமே’ என்பது மூன்றாம் தடை. இதற்கு விடை உ.வே.சாமிநாதையர். ஓலையிலிருந்து அச்சுக்கு மாற்றியவர்களே இந்நாட்டின் முதல் பல்க் இம்போர்ட்காரர்கள். புள்ளியிடாத ஏடுகள், ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும் எழுத்து. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தவர் ஏடுகளை ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களைப் பாடபேதம் என்று குறித்துவைக்கும் முறையையும் வளர்த்தெடுத்தார். பாடபேதம் என்பது எரர் லாக்தான். தமக்குத் தோன்றியதைச் சத்தமில்லாமல் திருத்திவிட்டுச் ‘செம்பதிப்பு’ என்று அட்டையில் போடுவது வேறு மரபு. அம்மரபுக்கும் இன்றுவரை ஆள் பஞ்சமில்லை.

ஆகவே செய்யத்தக்கது சிறிது. போன வரிசை எத்தனை, வந்த வரிசை எத்தனை என்று எண்ண வேண்டும். முட்டுக்காட்டுப் படகில் ஏற்றிய தலைகளை இறங்கும்போதும் எண்ணுவதற்கு எந்த நூலும் தேவையில்லை. எண்ணிக்கை ஒத்தாலும் நாலு வேலையைத் திறந்து தேதியைப் பார்க்க வேண்டும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுவிட்டால் கரையில் நிற்கிறவருக்கே தெரியும், கழிக்கும் கடலுக்கும் போக்குவரத்து இல்லையென்று; பிழைச்செய்தியும் அப்படிப்பட்ட மணல்மேடு, கண்ணுக்குத் தெரியும் மட்டும் நமக்கு நல்லது. இக்கட்டுரையின் கடைசி முற்றுப்புள்ளிக்குப் பின்னாலும் ஓர் இடைவெளி இருக்கக்கூடும். வாசகர் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. இருந்தால் அது நூலாசிரியர் கருத்தன்று, ஏடெழுதினோர் பிழை.