ஆறாம் படியில் ஒரு சுழி
சிகாகோ சர்வகலாசாலையில் பரீட்சாதிகாரியாக விளங்கிய பெஞ்சமின் புளூம் என்பாரும் அவர்தம் சகாக்களும் 1956-ஆம் ஆண்டில் மாணாக்கர் மூளைக்கு ஆறு படிகள் கட்டி, அடிப்படியில் ஞாபகத்தையும் உச்சியில் மதிப்பீட்டையும் அமர்த்தினார்கள். 2001-இல் அவர் வழிவந்த பண்டிதர்கள் அதைச் செப்பனிட்டு, மதிப்பீட்டை ஒரு படி கீழிறக்கிச் சிருஷ்டியைச் சிகரத்தில் ஏற்றிவைத்தமையால், அதுகாறும் அங்கே வீற்றிருந்த பிள்ளைகள் யாதொரு குற்றமும் இழைக்காமலே பதவியிறக்கம் பெற்றார்கள். நம் ஊர்க் கைடு பதிப்பாளர்களோ, சிந்திக்கும் சிரமத்தை மாணவன் தலையில் சுமத்தலாகாது என்னும் ஜீவகாருண்யத்தினால், உயர்சிந்தனை வினாக்களுக்கும் விடைகளை முன்கூட்டியே அச்சிட்டு விற்றுவிடுகிறார்கள். அவற்றை வரி பிசகாமல் நெட்டுருப் போட்டவனுக்குச் சுயசிந்தனையில் முழு மதிப்பெண். ஏதோ தனக்குத் தோன்றியதைத் தோன்றியபடி எழுதிவைத்த அசடனுக்கு, விடைக்குறிப்பில் இல்லாத சரக்கு என்று சிவப்பு மையில் ஒரு சுழி.