பேனல் சார்

விருதுநகர் மாவட்டப் பள்ளிகளில் தமிழ் சார், கணக்கு சார், பி.இ.டி. சார் எனப் பல வகை உண்டு. எந்தப் பாடத்துக்கும் உரியவராக இல்லாமல் எல்லாப் பாடத்திலும் காணப்படும் வகை பேனல் சார். பதவி உயர்வுக்கான முன்னுரிமைப் பட்டியலுக்குப் பேனல் என்று பெயர். அதில் தன் எண் என்ன, தனக்கு மேலே எத்தனை பேர், அவர்களில் யார் எந்த மாதம் ஓய்வு பெறுகிறார் என்பதை மாணவர் வருகைப் பதிவேட்டைவிடத் துல்லியமாக வைத்திருப்பவர் இவர். வயது 45-க்கு மேல். சட்டைப் பையில் நீலம், சிவப்பு என இரண்டு பேனா. வீட்டு பீரோவில் மூன்றாவது ஒன்று உண்டு. அதன் மை பச்சை.

இவரது ஆண்டு ஜூனில் தொடங்குவதில்லை, ஜனவரி 1-இல் தொடங்குகிறது. பேனல் பெரும்பாலும் '1.1 நிலவரப்படி' தயாராவதே காரணம். சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டருக்கான ஆல்பம் ஆடிப்பெருக்கன்றே வெளிவந்துவிடும். மற்றவர்கள் அதில் முருகனா லட்சுமியா என்று பார்ப்பார்கள். பேனல் சார், ஓய்வுகள் விழும் மே மாதத்தைப் பார்ப்பார். கணக்குப் போடுவதும் கிழித்த தினசரித் தாளின் பின்பக்கத்தில்தான்: 'ராஜபாளையம் – மே. திருச்சுழி – மே. அருப்புக்கோட்டை – சுகர் இருக்கிறது, வி.ஆர்.எஸ். வாய்ப்பு.' இந்தக் கடைசிக் குறிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, வெறும் கணக்கு.

கணக்கு ஒருமுறை மொத்தமாகப் பிழையாகிப்போனது. ஓய்வு வயது 2020 மே மாதம் 58-லிருந்து 59 ஆனது; 2021 பிப்ரவரியில் 60 ஆனது. தாளில் இருந்த எல்லா மே மாதங்களும் இரண்டு ஆண்டு தள்ளிப்போயின. தனக்கும் அதே இரண்டு ஆண்டு கூடியிருக்கிறது என்பது பேனல் சாருக்கு உறைக்கச் சில நாள் பிடித்தது.

தொடக்கக் கல்வியில் இருக்கும் பேனல் சாருக்கு இடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. அங்கே பணிமூப்பு ஒன்றிய அளவில் கணக்கிடப்பட்டது. வெம்பக்கோட்டையிலிருந்து பக்கத்துச் சிவகாசி ஒன்றியத்துக்கு மாறுதலில் போனாலே சீனியாரிட்டி போய், நேற்றுச் சேர்ந்தவருக்கும் கீழே நிற்க வேண்டும். இதற்கு அஞ்சியே பலர் இருபது ஆண்டுகள் ஒரே மினி பஸ்ஸில் போய் வந்தார்கள். 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243 பணிமூப்பை மாநில அளவுக்கு மாற்றியது. ஆசிரியர் சங்கங்கள் போராடின. மாவட்டத்தின் 11 ஒன்றியங்களில் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்திருந்தவர், கிருஷ்ணகிரியில் யார் எப்போது ஓய்வு பெறுகிறார் என்று விசாரிக்க வேண்டியதாயிற்று.

காலியிடத்துக்குக் காத்திராமல் வரும் ஊதிய உயர்வுகள் இரண்டு: ஒரே பதவியில் 10 ஆண்டு முடித்தால் தேர்வு நிலை, 20 ஆண்டு முடித்தால் சிறப்பு நிலை. பெயரில்தான் தேர்வும் சிறப்பும். ஆண்டுகள் கழிந்தால் போதும்; பணிப்பதிவேடு மட்டும் ஒழுங்காக இருக்க வேண்டும். பணிவரன்முறை ஆணை, தகுதிகாண் பருவம் முடித்த ஆணை, சான்றிதழ்களின் உண்மைத்தன்மை என்று ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் ஒரு வரி வேண்டும். ஒரு வரி விடுபட்டிருந்தால் அலுவலகத்தில் எழுத்தர் அதை ஆள்காட்டி விரலால் தொட்டுக் காட்டுவார். 1998-இல் பரீட்சை எழுதித் தேறியது உண்மைதானா என்று 2019-இல் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போகும். 17(ஆ) குற்றச்சாட்டுக் குறிப்பாணை நிலுவையில் இருந்தால் எல்லாமே அப்படியே நிற்கும். அதனால் பேனல் சார் யாரையும் அடிப்பதில்லை, அதட்டுவதுகூட அளவோடுதான்.

அடுத்து, மதிப்பெண். இந்த மாவட்டத்தில் அது மானப் பிரச்சினை. காமராசர் பிறந்த ஊர், வீடுதோறும் பிடி அரிசி எடுத்துப் பள்ளி நடத்திய ஊர் என்பதெல்லாம் ஒருபுறம். பிளஸ் டூ தேர்ச்சியில் முதலிடம் பிடித்துப் பிடித்துப் பழகிய கை என்பது மறுபுறம். 2023-இல் 97.85 சதவீதத்தோடு விருதுநகர்தான் மாநிலத்தில் முதலிடம். அந்தச் சதவீதத்துக்குப் பின்னால் பேனல் சாரின் செல்போன் இருக்கிறது. தாயும் தகப்பனும் பட்டாசு ஆலை வேனில் விடியலிலேயே ஏறிவிட்ட வீட்டில் பிள்ளையை எழுப்ப ஆள் கிடையாது. மார்ச் மாதம் ஐந்து மணிக்கே அவர் ஒவ்வொருவராக அழைத்து எழுப்புகிறார். தேறுவார்களா என்று ஐயம் உள்ளவர்களுக்கு மெல்லக் கற்போர் என்று துறை பெயர் வைத்திருக்கிறது. அவர்களுக்கு மாலைச் சிறப்பு வகுப்பு எடுப்பவர் மெல்ல உயர்வோர்.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சதவீதத்துக்கும் பேனலுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நூறு வாங்கினால் ஒரு சான்றிதழ், ஒரு கைத்தட்டல். குறைந்தால் தேர்ச்சி ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கக் கடிதம் தர வேண்டும்: 'இனிவரும் காலங்களில் இவ்வாறு நேராது எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' இரண்டிலும் பேனல் எண் அசையாது. சம்பந்தப்படுத்திப் பார்த்த இடங்களும் உண்டு. 1862-இல் இங்கிலாந்து, மாணவர் தேர்வில் தேறுவதைப் பார்த்துப் பள்ளிக்குப் பணம் தரும் முறையைக் கொண்டுவந்தது. சென்னை மாகாணமும் அதைப் பின்பற்றிப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. சிங்கப்பூரில் இன்றும் ஆசிரியருக்கே ஆண்டுதோறும் கிரேடு போடுகிறார்கள். போனஸ் அதைப் பொறுத்தது. இதைக் கேள்விப்பட்ட பேனல் சார் டீக்கடையில் தீர்ப்புச் சொல்வார்:

"கிரேடு போடுறவருக்கு நம்மளைப் பிடிக்கலைன்னா என்ன செய்வீங்க அண்ணாச்சி? பிறந்த தேதியை எவனும் திருத்த முடியாதுல்ல."

அரசு உதவி பெறும் பள்ளியில் இந்தப் பிறந்த தேதித் தத்துவம் செல்லாது. தனியார் பள்ளிகளுக்கான 1974-ஆம் ஆண்டு விதிகள் தகுதியையும் திறமையையுமே முதலில் வைத்தன; அவை ஏறத்தாழ சமமாக இருந்தால்தான் பணிமூப்பு. எது ஏறத்தாழ என்று எந்த விதியும் அளந்து சொல்லவில்லை. அங்குள்ள பேனல் சாரின் கவனம் காலண்டரில் இருப்பதில்லை, நிர்வாகக் குழுத் தேர்தலில் இருக்கிறது.

புதிய தலைவலி டெட். 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போரில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பணிக்காலம் மீதமுள்ளவர்கள் இரண்டு ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும்; அதற்குக் குறைவாக உள்ளவர்கள் தேறாமலே பணியில் தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடையாது. இருபத்தைந்து ஆண்டு குழந்தைகளோடு இருந்தவர் குழந்தை உளவியலில் 30 கேள்விக்கு விடை தேடிக் கைடு வாங்குகிறார். சிவகாசி அச்சகத்தில் ஆஃப்செட் ஓட்டும் பழைய மாணவன் கடையில் பார்த்துவிட்டால், "மகளுக்குப்பா" என்கிறார்.

இவ்வளவும் தாண்டி ஒரு நாள் பேனலில் எண் வந்துவிடும். உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் பச்சை மையில் கையெழுத்துப் போடலாம். பீரோவிலிருந்து பேனா வெளியே வருகிறது. காலண்டர் தாளின் பின்பக்கம் முழுக்கக் கையெழுத்து. திருவில்லிபுத்தூர் பால்கோவா எத்தனை கிலோ என்பதும் முடிவாகிறது. கலந்தாய்வில் அவர் முறை வருவதற்குள் தென்மாவட்ட இடங்கள் முடிந்து, திருவள்ளூரும் தருமபுரியும் மிஞ்சியிருக்கின்றன. கூடப்போகும் சம்பளமோ ஒரு இன்கிரிமென்ட் அளவுதான். சிறப்பு நிலையில் ஏற்கெனவே அதை ஒட்டித்தான் வாங்கிக்கொண்டிருக்கிறார். வாடகை, பஸ், சமையல் என்று கூட்டிக் கழித்து மனைவி கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "அப்போ நாம குடுத்து வேலை பார்க்கணுமா?"

பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதற்கு உரிமை விடல் என்று பெயர். அதை நீல மையில்தான் எழுத வேண்டும். எழுதிக் கொடுத்தவரின் பெயர் சில ஆண்டுகளுக்குப் பட்டியலில் வராது. மறுநாள் டீக்கடையில் கேட்டவர்களுக்கு, "பிள்ளைகளை விட்டுட்டுப் போக மனசு வரல" என்கிறார். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. பத்தாம் வகுப்பில் ஏழு பேர் இன்னும் மெல்லக் கற்கிறார்கள்.

மாலையில் காலண்டரிலிருந்து இன்னொரு தாள் கிழிபடுகிறது. பின்பக்கத்தில் முதல் வரி: 'சாத்தூர் – மே.'