ஒட்டும் முன் உதறுங்கள்

கே: திருவிழா அறிவிப்பை வேர்டிலிருந்து எடுத்து எங்கள் தளத்தின் ரிச் டெக்ஸ்ட் பெட்டியில் ஒட்டினேன். ஒரு வரி யானை, அடுத்த வரி எறும்பு. ஏன்?
(கோயில் செயலாளர், ஷா ஆலம்)

ப: நீங்கள் அழைத்தது மணப்பெண்ணை மட்டும். வேர்ட் அவளோடு சொந்தபந்தம் அத்தனையையும் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டது! எழுத்தளவு, நிறம், வரி இடைவெளி என்று கண்ணில் படாத குறிகள் கூடவே வந்து குடியேறியிருக்கும். கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான உலாவிகளில் வெறும் எழுத்து மட்டும் வரும்.

கே: பழைய ஆண்டு மலர்க் கட்டுரையை ஒட்டினால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் கிறுக்கலுமாக வருகிறதே?
(நூலகத் தொண்டர், கிள்ளான்)

ப: நம் முத்து நெடுமாறன் 1980களில் ‘முரசு’ என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய காலத்தில் கணினியில் தமிழுக்கென்று தனி நாற்காலி கிடையாது. ஆங்கில எழுத்தின் இடத்தில்தான் அந்நாளைய எழுத்துருக்கள் ‘அ’வையும் ‘ழ’வையும் உட்கார வைத்தன. எழுத்துரு போனால் பழைய சொந்தக்காரர் எட்டிப் பார்ப்பார். 1991இல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்குச் சொந்த இடம் வந்துவிட்டது. பெட்டியில் அந்தப் பழைய எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துச் சமாளிக்காதீர்கள். உங்கள் கணினியில் தமிழ், பக்கத்து வீட்டில் கிறுக்கல் என்றாகும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், பிறகு ஒட்டுங்கள்.

கே: தமிழைச் சாய்வெழுத்தில் போட்டால் அழகாக இருக்குமா?
(பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி)

ப: பலமான காற்றில் கொடிக்கம்பம் எப்படியிருக்கும்? அப்படி இருக்கும். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனிச் சாய்வெழுத்தே இல்லை. உலாவிதான் பிடித்துத் தள்ளுகிறது.

கே: தலைப்பைத் தடித்த எழுத்தாக்கினால் போதாதா? எதற்கு ‘தலைப்பு 2’?
(தமிழ்ப்பள்ளிப் பெற்றோர், செக்‌ஷன் 7, ஷா ஆலம்)

ப: செக்‌ஷன் எண்ணை எல்லாம் அழித்துவிட்டு வீடுகளுக்குப் பளிச்சென்று சாயம் மட்டும் அடித்தால், ஷா ஆலத்தில் பார்சல்காரர் உங்கள் வீட்டைக் கண்டுபிடிப்பாரா? தடித்த எழுத்து என்பது சாயம்; ‘தலைப்பு 2’ என்பது எண் பலகை. பார்வையற்றோர் திரைவாசிப்பானில் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவித்தான் பக்கத்தை அளக்கிறார்கள். சாயம் அவர்களுக்கு எதற்கு?

கே: தேதி, நேரம், இடம் எல்லாவற்றையும் ஒரே ரிச் டெக்ஸ்ட் பெட்டியில் எழுதிவிடுகிறேன். தவறா?
(அதே கோயில் செயலாளர்)

ப: நாசி லெமாக் பொட்டலமும் அப்படித்தான், ருசிக்குக் குறைவில்லை. நாளைக்குத் தளத்தின் நாட்காட்டி வந்து, “தேதி என்னும் நெத்திலியை மட்டும் தனியாக எடுத்துக் கொடுங்கள்” என்று கேட்கும்போது கூப்பிடுங்கள்.