எம்.டி.க்குப் பிறகு பிஎச்.டி. எதற்கு?

கே: எம்.டி. முடித்துவிட்டேன். அதற்கு மேல் பிஎச்.டி. எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். (மருத்துவர், தஞ்சாவூர்)

ப: கிளினிக் நடத்துவதற்கு என்றால் வேண்டவே வேண்டாம். இருக்கிற மருந்தைச் சரியான நோயாளிக்குச் சரியான அளவில் கொடுக்க எம்.டி. போதும். அந்த மருந்து ஏன் சிலருக்குப் பிடிப்பதே இல்லை என்ற கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் செய்தால், வீட்டாரிடம் அதையே சொல்லுங்கள்.

கே: நான் எம்.எஸ்சி. நர்சிங். மருத்துவ ஆராய்ச்சியில் எனக்கு இடமுண்டா? (திண்டுக்கல்)

ப: கட்டாயம் உண்டு. கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் நர்சிங்கிலும் பிஎச்.டி. வழங்குகிறது. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து போய்விடுவார். நோயாளியின் ராத்திரி முழுவதையும் பார்ப்பவர் நீங்கள். படுக்கைப் புண், வலி, மருந்தை விழுங்காமல் தலையணைக்கு அடியில் வைப்பது போன்றவற்றை ஆராய உங்களைவிடத் தகுந்தவர் யார்?

கே: உள்ளூரில் செய்யும் ஆராய்ச்சியை உலகம் மதிக்குமா? (வேலூர்)

ப: வேலூரில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்! ககன்தீப் காங் எம்.பி.பி.எஸ்., எம்.டி. படித்ததும், ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கைப் பல ஆண்டுகள் ஆராய்ந்ததும் உங்கள் ஊர் சி.எம்.சி.யில்தான். 2019இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பணியாற்றும் பெண் ஒருவருக்கு அந்தப் பெருமை கிடைத்தது அதுவே முதல் முறை.

அதற்கும் முன்னால் சென்னை இருக்கிறது. காசநோய் என்றாலே சானடோரியத்தில் படுக்க வேண்டும் என்றிருந்த காலம். (தாம்பரத்தில் ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.) நோயாளிகளோ ஏராளம், படுக்கைகளோ கொஞ்சம். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு சானடோரியத்திலும் மறு பிரிவுக்கு அவரவர் வீட்டிலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, ஓய்வு குறைவு, நெருக்கடியான குடியிருப்பு. ஆனாலும் அவர்கள் ஏறக்குறைய அதே அளவில் குணமானார்கள். வீட்டாருக்குத் தொற்றும் ஆபத்தும் கூடவில்லை. 1959இல் முடிவு வெளியானது. உலகெங்கும் காசநோய் சிகிச்சை வீட்டுக்கு வந்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. ஏழை ஊரில்தான் அந்தக் கேள்வி எழுந்திருக்க முடியும். படுக்கைக்குப் பஞ்சமில்லாத ஊருக்கு அந்தக் கவலை ஏது?

கே: பெரிய பெயருள்ள வழிகாட்டியிடம் சேரலாமா? (மதுரை)

ப: பெயரை விடுங்கள், அவருக்கு நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி ஒரே சமயத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் வழிகாட்டலாம். அவரிடம் படித்தவர்களைத் தேடிப் பிடித்து, திருத்தக் கொடுத்த அத்தியாயம் எப்போது கைக்கு வந்தது என்று கேளுங்கள். பாதியில் விட்டுப் போனவர் யாராவது இருந்தால் முதலில் அவரைப் பாருங்கள்.

கே: கைக்குழந்தை இருக்கிறது. தாக்குப்பிடிக்க முடியுமா? (ஈரோடு)

ப: அதே விதி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு என்கிறது. மறுபதிவு செய்தால் இன்னும் 2, பெண்களுக்கு அதற்கு மேலும் 2. மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் உண்டு. கூச்சப்படாமல் எழுதிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

கே: ஒப்புதல் படிவத்தில் நோயாளியிடம் கையெழுத்து வாங்குவது வெறும் சடங்குதானே? (சேலம்)

ப: இல்லவே இல்லை. எதிக்ஸ் கமிட்டி அனுமதி தரும் முன் ஆய்வுக்காக ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்கக் கூடாது. படிவம் நோயாளி வீட்டில் பேசும் தமிழில் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வில் சம்பந்தமில்லாத சாட்சியை வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டுங்கள். "மாட்டேன் என்றாலும் உங்களுக்கு வைத்தியம் நிற்காது" என்ற வரியை இரண்டு தடவை சொல்லுங்கள். அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவருக்கு அந்தப் பயம்தான் பெரிது.

கே: பணம் கொடுத்தால் தீசிஸ் எழுதித் தருகிறார்களாமே? (சென்னை)

ப: 2018 யு.ஜி.சி. விதிப்படி, 60 விழுக்காட்டுக்கு மேல் பிறர் எழுத்து என்று தெரிந்தால் பதிவே ரத்து. அதைவிட எனக்குப் பயம் வேறு. உங்கள் தீசிஸில் இட்டுக்கட்டிய எண்ணை நம்பி, நாளைக்கு எங்கோ ஒரு டாக்டர் ஒரு குழந்தைக்கு டோஸ் எழுதுவார்.

கே: நல்ல தலைப்பு ஒன்று சொல்லுங்களேன்? (திருநெல்வேலி)

ப: என்னிடம் இல்லை, உங்கள் ஓ.பி.யில் இருக்கிறது. இந்த மாதம் மூன்றாவது முறையாக அதே தொந்தரவோடு திரும்பி வந்தாரே, அவருடைய சீட்டை எடுங்கள்.